அக்காவுக்கு ஓர் அளவு நோட்டு: பைண்டிங் என்னுடையது, படம் ஒரு பதினேழு வயதுக்காரனுடையது

தையல் தொழில் செய்கிறவர்களிடம் இருக்கும் பொருள்களிலேயே அதிகம் அடிபடுவது அளவு நோட்டுதான். கத்தரிக்கோலைத் துடைத்து வைப்பார்கள், மெஷினுக்கு எண்ணெய் விடுவார்கள், ஆனால் நோட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. என் அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டு வெகு காலமாகத் தைத்துக் கொடுக்கிறாள். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் அந்த நோட்டில். ஓரத்தில் அந்தந்தத் துணியின் பிட் ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைப்பாள். சில மாதத்தில் நோட்டு உப்பி, முதுகு பிளந்து, பக்கங்கள் தனித்தனியாக வரும். அப்புறம் ரப்பர் பேண்ட்.

அவளுக்குக் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தபோது இதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லை. அலமாரியில் வைத்துப் பார்க்கும் பரிசுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. தினமும் கை படும் பொருள்தான் கொடுத்தவரையும் சேர்த்து ஞாபகப்படுத்தும்.

பைண்டிங் எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் நோட்டு பற்றிக் கவலை இல்லை. முகப்பில் ஒரு படம் வேண்டும், அது எனக்கு வராது. உடன் வேலை பார்ப்பவரின் மகன் பதினேழு வயது, பள்ளி இறுதியாண்டு. நன்றாக வரைவான், லினோ அச்சும் (லினோலியக் கட்டையில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் பதிப்பது) பழகிக்கொண்டிருந்தான். அவனிடமே கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். இந்தப் பதிவு இரண்டு வேலைகளைப் பற்றியும்: நோட்டு தைத்தது, அவனுக்கு ஒரு வேலையை முறையாகக் கொடுத்தது. இரண்டாவதற்குத்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியிருந்தது.

பேச்சு முதலில், பென்சில் அப்புறம்

அவனுடைய நல்ல ஓவியங்களை நான் பார்க்கக் கேட்கவில்லை. ஸ்கெட்ச் புத்தகத்தைக் கேட்டேன். முடித்து ஃபிரேம் போட்ட படம் ஒருவர் அதிகபட்சம் என்ன செய்வார் என்பதைக் காட்டும்; ஸ்கெட்ச் புத்தகம் சாதாரண நாளில் என்ன செய்வார் என்பதைக் காட்டும். பக்கம் பக்கமாகக் கைகள். பஸ் கம்பியைப் பிடித்த கை, பேனா சுழற்றும் கை, தூங்குகிறவரின் கை. சரி, இவன்தான் என்று தோன்றியது.

பணம் பற்றிப் பேச்சு எடுத்ததும் அவன் அம்மா சொன்னார்: "பணமெல்லாம் எதுக்குங்க? நம்ம பிள்ளைதானே, சும்மா வரைஞ்சு தரட்டுமே." அன்பாகச் சொன்னதுதான். ஆனால் இந்த ஒரு வாக்கியம்தான் இளம் ஓவியர்கள் பலரைப் பழக்கிக் கெடுக்கிறது. பிள்ளை ட்யூஷன் எடுத்தால் காசு வாங்கலாம், படம் வரைந்தால் மட்டும் பாராட்டு போதும் என்று வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறது. நான் அவரிடம் விவாதம் செய்யவில்லை. "உங்க பிள்ளைக்கு நான் குடுக்கலைங்க, என் அக்கா பரிசுக்குக் குடுக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

எவ்வளவு கேட்கிறாய் என்றால் அவனுக்குப் பதில் வரவில்லை. எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். "வரையறது ரெண்டு மணி நேரம்தான் மாமா." அதில் யோசிக்கும் நேரம் இல்லை, சிறு சிறு மாதிரிகள் போடும் நேரம் இல்லை, உளி தீட்டுவது, சோதனை அச்சு எடுப்பது, கடைசியில் கண்ணாடியிலும் ரோலரிலும் ஒட்டிய மையைத் துடைப்பது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது, ஏதோ கூடுதலாகக் கேட்கிறோமோ என்று. வரைவு, செதுக்கல், அச்சு என்று மூன்றுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டோம். பாதி முன்பணம், பென்சில் தாளில் படுவதற்கு முன்பே. படம் எனக்குப் பிடிக்காமல் வேண்டாம் என்று சொன்னாலும் அந்தப் பாதி அவனுக்கே. பொருள்கள் என் செலவு.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, அவன், அவன் அம்மா, நான் மூவரும் கையெழுத்துப் போட்டோம். அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் அம்மாவின் கையெழுத்து அவசியம். அந்தப் பக்கத்தில் பணத்தைவிட முக்கியமான வரி காப்புரிமை பற்றியது. படத்தை விலைக்கு வாங்குவது வேறு, அதன் காப்புரிமையை வாங்குவது வேறு. ஓவியத்தைச் சுவரில் மாட்டியிருப்பவருக்கு அதைக் காலண்டரில் அச்சடிக்கும் உரிமை தானாக வந்துவிடாது. ஆனால் காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது சொன்னவருக்கே உரிமை என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. அதனால்தான் எழுதி வைப்பது நல்லது. நாங்கள் எழுதியது: காப்புரிமையும் அச்சுக்கட்டையும் ஓவியனுக்கு. எனக்கு இந்த ஒரு நோட்டின் முகப்பில் பயன்படுத்தும் அனுமதி, புகைப்படம் எடுத்துக் காட்டினால் அவன் பெயரோடு காட்டும் கடமை. நாளைக்கு வாழ்த்து அட்டை அடிக்க ஆசை வந்தால் திரும்பக் கேட்க வேண்டும்.

பெயர் போடுவது உபசாரம் மட்டும் இல்லை. படைப்புகளின் காப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து 1886-ல் ஏற்படுத்திய பெர்ன் உடன்படிக்கையில் 1928-ம் ஆண்டு ரோம் நகரில் செய்த திருத்தத்தின்போது சேர்ந்த பிரிவு ஒன்று, பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும் படைத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும் விதத்தில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் அவரிடமே இருக்கும் என்கிறது. பதினேழு வயதுக்காரனுக்கு இது புதுச் செய்தி. அவன் கண்கள் விரிந்ததைப் பார்த்து எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

திருத்தங்கள் பென்சில் நிலையில் இரண்டு முறை வரை. செதுக்க ஆரம்பித்த பிறகு ஒன்றும் கிடையாது. லினோவில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

படம்

"ஏதாவது அழகா வரைஞ்சு குடு" என்று சொல்வதைப் போலக் குழப்பமான வேலை வேறில்லை. நான் கொடுத்த குறிப்பு இது: நோட்டு யாருக்கு, அவர் அதை வைத்து என்ன செய்வார், படத்தின் அளவு 90 மி.மீ. அகலம் 110 மி.மீ. உயரம், கறுப்பு மை ஒன்றே ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு வேண்டாம், தேர்வுகளுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு தேதி. கூடவே அக்கா தைக்கும்போது எடுத்த சில புகைப்படங்கள். அவளுக்குத் தெரியாமல் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டு மாதிரிகளோடு வந்தான். ஒன்றில் தையல் மெஷின், சுற்றிலும் பூக்கள், பட்டாம்பூச்சி. பரிசு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். இன்னொன்றில் மெஷின்கூட முழுதாக இல்லை. அழுத்தும் பாதத்துக்கு அடியில் துணியைத் தள்ளும் இரண்டு விரல்கள், ஓரத்தில் கைச்சக்கரத்தின் ஒரு பகுதி, மேசை விளிம்பில் தொங்கும் இன்ச் டேப். எது நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எதை வரையும்போது நேரம் போனது தெரியவில்லை என்று கேட்டேன். இரண்டாவதைத் தொட்டான்.

லினோ அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறி விழும். தையல் மெஷினின் கைச்சக்கரம் தைப்பவரின் வலப்பக்கம் இருக்கும். நேராகச் செதுக்கினால் அச்சில் அது இடப்பக்கம் போய்விடும், அக்கா பார்த்த மாத்திரத்தில் சிரிப்பாள். இதை அவனே கவனித்திருந்தான். டிரேசிங் தாளில் வரைந்து, தாளைக் குப்புறத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் தேய்த்து லினோவுக்கு மாற்றினான். இன்ச் டேப்பில் தெரியும் 7, 8, 9 மூன்றும் இடம் வலம் மாறிய கண்ணாடி எண்களாக இருந்தன. அவற்றைத்தான் முதலில் செதுக்கினான். கை சோர்ந்த பிறகு எண்களைத் தொடக்கூடாதாம்.

லினோ பற்றிக் கொஞ்சம்

லினோலியம் தரைவிரிப்புக்காக வந்த பொருள். ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863-ல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, மரப்பிசினும் தக்கைத் தூளும் சேர்த்து, சணல் துணியின் மேல் அழுத்திச் செய்வது. மரத்தைப் போல நார் கிடையாது, எந்தப் பக்கமும் உளி ஓடும். அதனால்தான் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது தோது. வியன்னாவில் 1897-ல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக் அங்கே பிள்ளைகளை லினோ செதுக்கவிட்டார். அந்தப் பிள்ளைகளின் அச்சுகளால் ஈர்க்கப்பட்டவர் கிளாட் ஃபிளைட். 1925-ல் லண்டனில் தொடங்கிய கிராஸ்வெனர் நவீன ஓவியப் பள்ளியில் பெரியவர்களுக்கு லினோ சொல்லிக்கொடுத்தார். நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த லினோ, ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் செய்த காந்தி: கறுப்புப் பின்னணியில் கோலூன்றி நடக்கும் வெள்ளை உருவம். உப்பு யாத்திரை என்றதும் மனதில் வரும் உருவம் பலருக்கு அதுவாகத்தான் இருக்கும். எத்தனை குறைவான வெட்டில் ஒரு மனிதரின் நடை வந்துவிடுகிறது என்று காட்ட அவனிடம் அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.

ஃபிளைட்டுக்கு ஒரு ஆசை இருந்தது. சாதாரண ஆள் சினிமா டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு லினோ அச்சை வாங்க முடிய வேண்டும் என்பது. நல்ல ஆசை. ஆனால் நிறையப் பிரதிகள் அச்சிட்டால்தான் அந்த விலை கட்டுப்படியாகும். ஒருவருக்காகச் செதுக்கும் கட்டைக்கு அதே விலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செதுக்குவதில் மூன்று விஷயம். லினோ பழையதாக ஆக, அதிலிருக்கும் எண்ணெய் மேலும் கெட்டிப்பட்டு, வெட்டும்போது நொறுங்கும். லேசாகச் சூடு காட்டினால் இளகும்; அவன் கட்டையை ஒரு துணியில் சுற்றி வெந்நீர்ப் பை மேல் வைத்து எடுத்தான். இரண்டாவது, மழுங்கிய உளிதான் கையைப் பதம் பார்க்கும், கூர்மையான உளி அல்ல. மழுங்கியதை அழுத்தித் தள்ளுவோம், வழுக்கும். தோல் பட்டையில் மெருகுப் பசை தடவி அடிக்கடி தீட்ட வேண்டும். மூன்றாவது, கட்டையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேசை விளிம்பில் மாட்டும் ஒரு பலகையைச் செய்து கொடுத்தேன்: கீழே ஒரு சட்டம் மேசையைப் பிடித்துக்கொள்ளும், மேலே ஒரு சட்டம் கட்டையைத் தடுக்கும். உதவி என்று நான் செய்ததில் அவனுக்கு மிகவும் பிடித்தது பணம் அல்ல, இந்தப் பலகைதான் என்று சந்தேகப்படுகிறேன்.

வெள்ளையாக விட வேண்டிய இடங்களைச் சுரண்டும்போது உளித்தடங்களுக்கு இடையே மெல்லிய மேடுகள் நிற்கும். அவை மை பிடித்து அச்சில் சிறு கீறல்களாக விழும். எனக்கு அவை உறுத்தின, எடுத்துவிடலாமே என்றேன். "இருக்கட்டும் மாமா. விரல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமாத்தான் விட்டிருக்கேன்" என்றான். உற்றுப் பார்த்தேன். கீறல்கள் எல்லாம் துணி நகரும் திசையில் ஓடின. வாயை மூடிக்கொண்டேன்.

அச்சு

எண்ணெய் மை. நீர் மை சீக்கிரம் காயும், கழுவுவதும் சுலபம், ஆனால் பெரும்பாலானவை பின்னால் ஈரம் பட்டால் கலங்கும். பசை தடவி அட்டையில் ஒட்டப்போகும் படத்துக்கு அது சரிவராது. கண்ணாடிப் பலகையில் சிறிதளவு மையை எடுத்து ரோலரால் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பதம் காதுக்குத் தெரியும்: மை சரியான கனத்தில் இருந்தால் ரோலர் சன்னமாகச் சீறும். 'சளப் சளப்' என்றால் மை அதிகம், மெல்லிய கோடுகள் அடைத்துவிடும். புதுக்கட்டையில் முதல் சில அச்சுகள் வெளிறித்தான் வரும், கட்டை மை குடித்துப் பழகும்வரை. அவற்றைச் சோதனை என்று ஒதுக்கிவிட வேண்டும்.

பிரஸ் இல்லை, மரக்கரண்டிதான். மெல்லிய, நீண்ட நார் உள்ள தாளைக் கட்டை மேல் போட்டு, கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் மை ஏறும். தாளை முழுதாக எடுக்காமல் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மீண்டும் தேய்க்கலாம். பிரஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது.

எண்ணெய் மை காய்வது நீர் ஆவியாவது போன்ற வேலை அல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. அதற்கு நாள்கள் பிடிக்கும், சில நேரம் வாரங்கள். இதே வினையில் வெப்பமும் வெளிவரும். மை துடைத்த எண்ணெய்த் துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்து வைத்தால் அவை தானாகவே தீப்பற்றும் அளவுக்குச் சூடேறலாம். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் லினோ பழகினால் இதை மட்டுமாவது சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு ஆசை அவனுக்கு. மெஷினில் ஓடும் நூலை மட்டும் சிவப்பாகக் கையால் தீட்ட வேண்டும் என்றான். நல்ல யோசனைதான். கையில் எடுத்தது ஃபெல்ட் பேனா. அந்த மை பெரும்பாலும் சாயம், வெயிலில் போய்விடும். சொன்னால் நம்ப மாட்டான் என்று, ஒரு தாளில் அதையும் ஒரு நல்ல வாட்டர் கலரையும் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவைத்தோம். மை காயும் காலத்திலேயே ஃபெல்ட் பேனாவின் வெளுத்த பாதி தெளிவாகத் தெரிந்துவிட்டது. வாட்டர் கலர் டியூபின் பின்புறம் நிறமியின் குறியீடு இருக்கும். நாங்கள் எடுத்தது பிஆர் 254, ஒளியைத் தாங்கும் சிவப்பு. பிஆர் 83 என்று போட்ட பழைய அலிசரின் கிரிம்சன் பார்க்க அழகு, ஆனால் மங்கிவிடும் ரகம். ஒளியை எவ்வளவு தாங்கும் என்பதற்கான ஏஎஸ்டிஎம் தரவரிசையில் ஒன்று அல்லது இரண்டு என்று இருந்தால் நம்பி வாங்கலாம். இளம் ஓவியர்களுக்கு எதையாவது வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டிக்குப் பதிலாக நல்ல நிறமியில் ஆறு டியூப் வாங்கிக் கொடுக்கலாம்.

நோட்டு

அக்காவுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். நோட்டு தானாக விரிந்து கிடக்க வேண்டும். அதனால் காப்டிக் தையல். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பண்டைக்காலத்தில் கையாண்ட முறை. முதுகில் பசையோ துணியோ கிடையாது, பாரங்களை (சேர்த்து மடித்த தாள் கொத்துகளை) நூலே சங்கிலியாகக் கோர்த்துப் பிடிக்கும். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசையோடு மேசையாகப் படியும்.

தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஈரம் பட்டால் தாள் அந்தத் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். நார் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் மடங்கிப் படியும். குறுக்கே ஓடினால் விறைத்துக்கொண்டு நிற்கும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், அதை மடித்து ஏ5 ஆக்கினால் நார் தப்பான பக்கம் போய்விடும். அதனால் நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி, நீளத்தைப் பாதியாக வெட்டி, அதை மடித்தேன். இப்போது 210 மி.மீ. பக்கம் முதுகாக, நார் அதற்கு இணையாக. தாள் 100 ஜிஎஸ்எம், அமிலமற்றது.

உப்பும் பிரச்சினைக்கு வருவோம். துணி பிட்டுகள் வெளி ஓரத்தில் சேரும்போது அங்கே கனம் கூடி, முதுகில் கூடாமல், நோட்டு விசிறி போல விரிகிறது. பிட் ஒட்டும் நோட்டில் முதுகின் கனத்தை முன்கூட்டியே கூட்டிவிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு பாரத்திலும் நான்கு தாள்களுக்கு இடையே கெட்டித் தாளில் 40 மி.மீ. அகலப் பட்டை இரண்டை மடித்துச் சேர்த்தேன். மடித்தால் 20 மி.மீ. தான் உள்ளே நீளும். முதுகு தடிக்கும், வெளி ஓரத்தில் அதே அளவு இடைவெளி காலியாக இருக்கும். பிட்டுகள் வந்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். புது நோட்டாகப் பார்க்கும்போது ஓரம் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். கட்டம் போட்டு மார்பு, இடுப்பு என்று அச்சடிக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். ஒவ்வொரு தையல்காரருக்கும் எழுதும் வரிசை வேறு.

பத்துப் பாரம், 160 பக்கம். துளைகள் மேலிருந்து 15, 51, 87, 123, 159, 195 மி.மீ. தூரத்தில். ஒரு அட்டைப்பட்டையில் குறித்து, பாரத்தை விரித்துத் தொட்டில் போன்ற பலகையில் வைத்து, மடிப்பிலேயே குத்தூசியால் குத்தினேன். நூல் மூன்று இழை முறுக்கிய 18/3 லினன், தேன்மெழுகில் இழுத்தது. நீளத்துக்குக் கணக்கு: நோட்டின் உயரத்தைப் பாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அட்டைகளுக்கு இரண்டு உயரமும் முடிச்சுக்குக் கொஞ்சமும் கூட்ட வேண்டும். மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரே நீளமாகத் தைத்தால் சிக்கும். பாதியில் பாரத்துக்குள்ளே முடிச்சுப் போட்டு இணைப்பது நல்லது.

தைக்கும்போது ஊசி ஒவ்வொரு துளையிலும் வெளியே வந்து, கீழே இருக்கும் பாரத்தின் தையலுக்குப் பின்னால் நுழைந்து, அதே துளைக்குத் திரும்பும். நூலை இறுக்குவது எப்போதும் முதுகுக்கு இணையாக, தையல் போகும் திசையில். உடம்பை நோக்கி வெடுக்கென்று இழுத்தால் மடிப்பு கிழியும். தளர்ந்தால் சங்கிலி தொங்கும். இந்த இறுக்கம் எவ்வளவு என்று எழுதிப் புரியவைக்க முடியாது. மூன்று பாரம் தைத்ததும் கைக்குத் தெரிந்துவிடும்.

அட்டைக்கு 151 × 216 மி.மீ. பலகை. மேலே போர்த்தக் கறுப்புப் பருத்தித் துணி. துணியை அப்படியே ஒட்டினால் பசை இழைகளின் வழியே மேலே வந்து கறையாகும். அதனால் துணியை ஈரமாக்கிக் கண்ணாடி மேல் குப்புற விரித்து, பின்பக்கத்தில் மெல்லிய தாளை மாவுப் பசையால் ஒட்டிக் காயவிட்டேன். பைண்டிங் துணி தயார்.

முன் அட்டை இரண்டு அடுக்கு. மேலடுக்கு மெல்லிய அட்டை, அதில் ஒரு ஜன்னல் வெட்டினேன். படம் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும், மேசையில் நோட்டு தேய்ந்தாலும் மையில் படாது. ஜன்னலைப் படத்தின் அளவுக்கே வெட்டினால் கீழே கையெழுத்துக்கு இடம் இருக்காது. அதற்காக அடியில் கூடுதலாக ஒரு விரல் அகலம் விட்டேன். முன்பக்கம் மட்டும் துணி ஒட்டினால் காயும்போது அது சுருங்கி அட்டையை வளைத்து இழுக்கும், அதனால் உள்பக்கத்திலும் தாள் ஒட்டி எடைக்குக் கீழே வைத்துக் காயவிட்டேன்.

பிறகு வரிசை முக்கியம். முதலில் அச்சைப் பள்ளத்தில் ஒட்டுவது, நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்பு நூலைத் தீட்டுவது. மாறிச் செய்தால் பசையின் ஈரத்தில் வாட்டர் கலர் கசியும். நூலை அவனே வந்து தீட்டினான். நுனித் தூரிகை, ஒரே இழுப்பு, மூச்சை அடக்கிக்கொண்டு. கடைசியாகப் பென்சிலால் இடப்பக்கம் 1/12, வலப்பக்கம் கையெழுத்து. பென்சில் எதற்கு என்றால், கிராஃபைட் வெளுக்காது. மொத்தம் பன்னிரண்டு அச்சு, இது முதலாவது. மீதிப் பதினொன்றும் அவனுடையவை, விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். மிச்சப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். ஓவியர்களைக் காக்கவைப்பது ஒரு கெட்ட பழக்கம்.

பின் அட்டையின் உள்பக்கத்தில் சிறு எழுத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. படம், செதுக்கல், அச்சு அவன், தையல் நான்.

அதற்குப் பிறகு

அக்கா நோட்டை இப்போது உபயோகிக்கிறாள். முதல் பக்கத்தை யாருடைய அளவுக்கும் தராமல் காலியாக விட்டிருக்கிறாள், காரணம் கேட்டால் சொல்வதில்லை. பிட்டுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, முதுகு அப்படியே நிற்கிறது. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பின் அட்டையில் விழுந்திருக்கிறது. கறுப்புத் துணி எடுத்தது நல்லதாகப் போயிற்று.

அளவு கொடுக்க வந்த ஒருவர் முகப்பைப் பார்த்துவிட்டு இதே போல ஒன்று வேண்டும் என்றாராம். அக்கா என்னிடம் விலை கேட்டாள். நான் அவன் அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன். அவன் சொன்ன தொகையில் உளி தீட்டும் நேரமும் துடைக்கும் நேரமும் சேர்ந்தே இருந்தன. அவர் பேரம் பேசியிருக்கிறார். விலையைக் குறைக்காமல், புதுக்கட்டைக்குப் பதில் இருக்கிற அச்சிலேயே ஒன்று தருவதாகச் சொல்லி, 4/12-ஐ விற்றுவிட்டான். என்னிடம் கேட்டுச் செய்த யோசனை அல்ல.

பன்னிரண்டும் போனபின் கட்டையில் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும், அப்போதுதான் வாங்கியவர்களுக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அச்சுக்கலைஞர்களிடையே அப்படி ஒரு வழக்கம் உண்டு. "கட்டை யாருதுன்னு நீங்கதானே மாமா எழுதிக் குடுத்தீங்க" என்கிறான். கோடு கிழிக்க அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை.